மல்டிகன் போட்டிக்கு முதல் செட்: எதை இப்போது வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

#1 புதுக்குறி

வணக்கம். கிளப் அளவிலான 3-கன் (ரைஃபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கி மூன்றாலும் சுடும் மல்டிகன்) போட்டிகளுக்கு ஒரு செட் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ளவை: நாலரை அங்குலக் குழலுள்ள 9 மி.மீ. ஸ்ட்ரைக்கர் கைத்துப்பாக்கி, 16 அங்குல ஏ.ஆர்-15 ரைஃபிள், அதன்மேல் உருப்பெருக்கம் இல்லாத ரெட் டாட் (சிவப்புப் புள்ளி சைட்). ஷாட்கன் இல்லை. பெல்ட், ஹோல்ஸ்டர் எதுவும் இல்லை.

ஷாட்கன் பம்ப் (ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்றுவது) போதுமா, செமி ஆட்டோவா (தானே ஏற்றுவது)? ரெட் டாட்டைக் கழற்றிவிட்டு 1–6 மடங்கு ஸ்கோப் போட வேண்டுமா? ட்ரிக்கர், மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுவது) இதெல்லாம் முதலிலேயே மாற்ற வேண்டியவையா? பணம் அளவோடுதான் இருக்கிறது. எதில் போட்டால் வீணாகாது என்று சொல்லுங்கள்.

#2 ரேஞ்ச்காவலர்

பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டிவிஷன், அதாவது எந்த வகைப் பொருளோடு போட்டியிடுவது என்ற பிரிவு. அதை முடிவு செய்யாமல் வாங்கினால் பாதிப் பொருள் அலமாரியில் தூங்கும்.

அமெரிக்காவில் யூ.எஸ்.பி.எஸ்.ஏ. (துப்பாக்கிப் போட்டிச் சங்கம்) மல்டிகன் விதிகளையோ அதை ஒட்டிய விதிகளையோ பல கிளப்புகள் பின்பற்றுகின்றன. சுருக்கமாக: டாக்டிக்கல் டிவிஷனில் ரைஃபிளில் உருப்பெருக்கும் ஸ்கோப் ஒன்று வைக்கலாம், ஷாட்கன் குழாய் மேகசினோடு இருக்க வேண்டும், தொடங்கும்போது அதில் 9 ஷெல்லுக்கு (ஷாட்கன் தோட்டா) மேல் கூடாது, கைத்துப்பாக்கி மேகசின் 140 மி.மீ. நீளத்துக்குள். லிமிடெட்டில் இதேதான், ஆனால் ரைஃபிளில் உருப்பெருக்கம் இல்லாத டாட்டோ இரும்பு சைட்டோ மட்டும். ஓப்பனில் பெட்டி மேகசின் ஷாட்கன், ஸ்பீட்லோடர், பைபாட், ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்கோப் எல்லாம் செல்லும். ஹெவி மெட்டல் என்றால் .308 ரைஃபிள், 12 காஜ் ஷாட்கன், .45 கைத்துப்பாக்கி. அங்கே பம்ப்தான் கட்டாயமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும்.

கைத்துப்பாக்கியில் ரெட் டாட் எந்த டிவிஷனில் செல்லும் என்பதும் ஒவ்வொரு போட்டியிலும் வேறுபடுகிறது. அந்தக் கிளப்பின் விதித்தாளைப் படிக்காமல் டாட் மாட்ட ஸ்லைடைக் குடையக் (மில் செய்ய) கொடுத்துவிட வேண்டாம்.

உங்கள் ரைஃபிளும் கைத்துப்பாக்கியும் இப்போதைய நிலையிலேயே லிமிடெட்டில் நிற்கும். அதில் ஒரு பைசாகூடச் செலவு இல்லை.

#3 ஈயக்குண்டு

ஷாட்கனுக்கு என் ஓட்டு பம்ப். விலை செமி ஆட்டோவில் பாதிகூட இல்லை. எந்த ஷெல் போட்டாலும் தள்ளும். லைட் லோடு (ஈயமும் மருந்தும் குறைந்தது), ஸ்லக் (ஒற்றைக் குண்டு), ஈரமானது, பழசு, எதுவும் பிரச்சினை இல்லை. மிச்சப்படும் பணத்தில் ஆயிரக்கணக்கில் ஷெல் வாங்கிப் பழகலாம்.

#4 கரிப்புகை

பம்ப் எந்த ஷெல்லையும் தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் தள்ளுவது கை. ஓடிக்கொண்டே, பக்கவாட்டில் சாய்ந்து, தடுப்புக்கு மேலாக எட்டிச் சுடும்போது கை முழு நீளத்துக்குப் பின்னால் வராது. ஷெல் பாதி வெளியே வந்து சிக்கும், அல்லது வெற்று சேம்பரில் க்ளிக் என்று கேட்கும். மல்டிகன் ஸ்டேஜில் (நேரம் பார்த்துச் சுடும் ஒரு சுற்று) பம்ப் நிற்பதற்கு முக்கியக் காரணம் இந்த அரைகுறை இழுப்பு. விரைப்பாக நின்று களிமண் தட்டு சுடுகிறவருக்கு இது வருவதே இல்லை.

இன்னொன்று. ஷாட்கனில் நேரம் போவது சுடுவதில் இல்லை, ஷெல் ஏற்றுவதில். 9-ல் தொடங்கும் துப்பாக்கிக்கு 16, 20 இலக்குள்ள ஸ்டேஜ் வைத்தால் நடுவில் 7, 11 ஷெல்லாவது போட்டே ஆக வேண்டும். புதியவர் நான்கு ஷெல் போட 7, 8 நொடி எடுப்பார். நன்கு பழகியவர் 3 நொடிக்குள் முடிப்பார். இந்த வித்தியாசம் ஒரே ஸ்டேஜில் இரண்டு, மூன்று முறை வரும். ரைஃபிளில் ட்ரிக்கர் மாற்றி, பிரேக் மாற்றி மிச்சப்படுத்தும் நேரமெல்லாம் இதற்குப் பக்கத்திலேயே வராது. ஆகவே ஷாட்கனைத் தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: நம்பி நிற்கலாமா? வேகமாக ஏற்ற முடியுமா?

வேகமாக ஏற்ற முடியுமா என்பதைத் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். லோடிங் போர்ட் அகலமாக, விளிம்பு மழுங்கலாக இருக்கிறதா? ஷெல்லை மேலே தூக்கும் லிஃப்டர் இடையில் பிளவுபட்டிருந்தால் கட்டைவிரல் தோல் அதில் மாட்டும். பிளவை நிரப்பிய, அல்லது முனை நீட்டிய லிஃப்டர் தேவைப்படும். கடையிலிருந்து வரும் பல துப்பாக்கிகளில் போர்ட்டின் பின்விளிம்பு கூர்மையாக இருக்கும். அதைத் திறந்துவிடும் வேலையைப் பல கன்ஸ்மித்கள் செய்கிறார்கள். போட்டிக்கென்றே வரும் மாடல்களில், உதாரணமாக மாஸ்பெர்க் 940 ஜே.எம். ப்ரோவில், இந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். கணக்குப் போடும்போது துப்பாக்கி விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். மலிவான துப்பாக்கி, நீட்டுக் குழாய், போர்ட் வேலை, பெரிய போல்ட் ரிலீஸ், நீள போல்ட் கைப்பிடி இவ்வளவையும் கூட்டிப் பாருங்கள். பல நேரம் முதலிலேயே தயாராக வருவது மலிவாக முடியும்.

#5 ஈயக்குண்டு

அரைகுறை இழுப்பு பழக்கத்தால் போகும். பம்ப்போடு இரண்டு சீசன் ஓட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு கையால் ஏற்றும்போது பம்ப்பின் முன்கைப்பிடி சரிந்து ஆக்‌ஷன் திறந்துகொள்ளும் தொல்லையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நேர்மைக்காக. அதைத் தவிர்க்க ஆக்‌ஷன் பூட்டிய நிலையில்தான் ஏற்ற வேண்டும்.

கையில் பம்ப் ஏற்கெனவே இருந்தால் அதோடு வாருங்கள். இல்லாதவர் புதிதாக வாங்குவதென்றால் செமி ஆட்டோ என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

#6 டைமர்பீப்

ஷாட்கன் வாங்காமலே தொடங்க ஒரு வழி இருக்கு. 2-கன் போட்டி. ரைஃபிளும் கைத்துப்பாக்கியும் மட்டும். பல கிளப்புல 3-கன்னோட சேர்த்தே நடத்துறாங்க. கைல உள்ளது அப்படியே போதும். பெல்ட், ஹோல்ஸ்டர், மேகசின் பவுச் மட்டும் வாங்கு. ஸ்டேஜ் எப்படி ஓடுது, துப்பாக்கியை எங்க வைக்கணும், 180 கோடு (குழல் முனை பின்பக்கமாத் தாண்டக் கூடாத கோடு) எங்க நிக்குதுன்னு புரிஞ்சதும் ஷாட்கன் பத்தி யோசி. நடுவுல யாராவது ஷாட்கன் இரவல் தந்தா ஏத்திப் பாரு, கைக்கு எது படியுதுன்னு தெரியும்.

#7 புதுக்குறி

2-கன் நல்ல யோசனை. ஆனாலும் ஷாட்கன் பற்றித் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். கேஸ் (வாயு), இனர்ஷியா இரண்டில் எது? பழையது வாங்கலாமா?

#8 கரிப்புகை

இனர்ஷியா துப்பாக்கி (பெனெல்லி எம்2, ஸ்டோகர் எம்3000 வகை) பின்னுதைப்பின் வேகத்தில் இயங்குகிறது. துப்பாக்கி பின்னால் நகர வேண்டும், போல்ட் தன் இடத்திலேயே நிற்க முயல வேண்டும், இடையில் உள்ள ஸ்பிரிங் சுருங்க வேண்டும். ஆகவே அது இரண்டு விஷயங்களில் கோபித்துக்கொள்ளும். ஒன்று, எடை. நீட்டுக் குழாயில் 9 ஷெல், பக்கவாட்டில் ஷெல் ஹோல்டர், மேலே ஸ்கோப், எல்லாம் சேர்ந்தால் துப்பாக்கி பின்னால் நகரும் வேகம் குறையும், லைட் லோடு போட்டால் போல்ட் முழுதாகத் திறக்காது. இரண்டு, தோளில் இறுக்கமாக வைக்காமல் சுடுவது. நல்ல பக்கம்: புகைக்கரி உள்ளே அதிகம் வராது, சுத்தம் செய்யும் வேலை குறைவு.

கேஸ் துப்பாக்கி (பெரெட்டா 1301, மாஸ்பெர்க் 940 வகை) குழலிலிருந்து கொஞ்சம் வாயுவை எடுத்துப் பிஸ்டனைத் தள்ளும். உதைப்பு மிருதுவாகத் தெரியும், எடை கூடினாலும் கவலை இல்லை. ஆனால் பிஸ்டனும் வாயுத் துளையும் கரி பிடிக்கும். போட்டிக்கு முதல் நாள் பிஸ்டனைக் கழற்றித் துடைப்பது கட்டாயம்.

எதுவானாலும் முதல் 100 ஷெல்லைக் கனமான லோடில் சுட்டுப் பழக்குங்கள். 1⅛ அவுன்ஸ் ஈயம், நொடிக்கு 1,200 அடி, அதற்குக் குறையாமல். புதுத் துப்பாக்கியில் ⅞ அவுன்ஸ் லைட் லோடு போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று புகார் எழுதுகிறவர்கள் நிறைய. மலிவு பேக்கில் வரும் சில ஷெல்களின் அடிப்பகுதி பித்தளை இல்லை, பூச்சுப் பூசிய எஃகு. சுட்டதும் அது விரிந்து, சொரசொரப்பான சேம்பரில் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிய்க்கும், ஷெல் உள்ளேயே நிற்கும். சேம்பரைப் பாலிஷ் செய்தால் பெரும்பாலும் சரியாகும். அதைவிடச் சுலபம், வேறு ஷெல் வாங்குவது.

பழையது வாங்கும்போது பாருங்கள்: குழாயில் ஷெல்லைப் பிடித்து நிறுத்தும் ஷெல் ஸ்டாப் தேய்ந்திருக்கிறதா (டம்மி ஷெல் ஐந்தை ஏற்றி, துப்பாக்கியைக் குலுக்கினால் ஒன்றாவது பின்னால் நழுவி லிஃப்டரில் விழுகிறதா), சோக் (குண்டுப் பரவலைக் குறுக்கக் குழல் முனையில் திருகும் துண்டு) கையால் சுலபமாகக் கழலுகிறதா, குழல் முனையில் வீக்கம் உண்டா, மேகசின் குழாயில் நசுங்கல் உண்டா.

நீட்டுக் குழாய் மாட்டுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஸ்பிரிங்கை அளந்து வெட்டுங்கள்: குழாய்க்குள் விட்டபின் ஓர் அடி சுமாருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையாக வெட்டினால் கடைசி இரண்டு ஷெல் வராது. நீளமாக விட்டால் ஒன்பதாவது ஷெல் உள்ளே போகாது. அடுத்தது, குழாய் சேரும் இடத்தில் உள்ளே விளிம்பு இருந்தால் ஷெல்லைத் தள்ளும் ஃபாலோவர் அதில் சிக்கும். விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். அமெரிக்காவில் இறக்குமதியான செமி ஆட்டோவில் குழாயை நீட்டும் முன் 922(ஆர்) பிரிவின்படி எத்தனை வெளிநாட்டுப் பாகங்கள் இருக்கலாம் என்பதையும் எண்ணிவிடுங்கள். குழல் 18 அங்குலத்துக்குக் குறையவே கூடாது, அது தனிச் சட்டம். இந்த விளையாட்டுக்கு 22, 24 அங்குலம்தான் வழக்கம்.

#9 எட்டுக்கூட்டல்ஒன்று

ஏற்றுவது பற்றி நான்.

ஷெல்லை எடுக்கும் முறை இரண்டு. இடதுகையால் (வலதுகைக்காரருக்கு) இரண்டிரண்டாகவோ நான்காகவோ கேடியிலிருந்து (பெல்ட்டில் ஷெல் மாட்டும் பிடி) பிடுங்கி, துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, கட்டையைத் தோளுக்கும் கைக்கும் இடையில் இறுக்கிக்கொண்டு, ஜோடி ஜோடியாகத் தள்ளுவது ஒன்று. நான்காக எடுத்தால் அதுதான் க்வாட் லோட். துப்பாக்கியைத் தோளிலேயே வைத்துக்கொண்டு கீழிருந்து ஒவ்வொன்றாகப் போடுவது இன்னொன்று. தொடக்கத்தில் இரண்டாவது சுலபம் என்று தோன்றும். ஆனால் கேடியை முதல் முறைக்கு ஏற்றபடி வாங்குங்கள், பின்னால் இன்னொரு முறை வாங்க வேண்டியிருக்காது. நான்கு ஷெல் பிடிக்கும் கேடி மூன்று, அதாவது 12 ஷெல், போதும். 24 மாட்டிக்கொண்டு வருகிறவர் குனிந்து எழுந்தால் பாதி தரையில்.

கேடி பெல்ட்டில் எங்கே இருக்கிறது என்பதில் தகராறு. இடுப்புக்கு நேர் முன்னால், தொப்புளுக்கு இடப்பக்கம் இருந்தால் கை நேராக வரும். மிகவும் பக்கவாட்டில் போனால் முழங்கை வெளியே வளையும், பிடி நழுவும். உயரமும் முக்கியம். படுத்துச் சுடும் ஸ்டேஜில் முன்னால் இருக்கும் கேடி தரையில் அழுந்தும் என்பது உண்மை, அதற்கு ஒரு சாய்வுக் க்ளிப் உண்டு, ஆனால் முதல் செட்டுக்குத் தேவையில்லை.

ஷெல்லைத் தள்ளும்போது முழுதாகத் தள்ளுங்கள். ஷெல் ஸ்டாப் சொடுக்கும் சத்தம் விரலில் உணரும்படி. பாதியில் விட்டால் ஷெல் பின்னால் நழுவி போல்ட்டுக்குக் கீழே போய் அடைக்கும். அதை எடுக்கத் துப்பாக்கியைக் கவிழ்த்து, போல்ட்டைப் பின்னால் பிடித்து, விரலால் நோண்ட வேண்டும். ஸ்டேஜ் அங்கேயே போயிற்று.

வீட்டில் பழக டம்மி ஷெல் வாங்குங்கள், குறைந்தது எட்டு வேண்டும். எடையுள்ளதாகப் பாருங்கள். வெற்று பிளாஸ்டிக் ஷெல்லில் பழகினால் நிஜ ஷெல்லின் எடையில் கை குழம்பும். பழகும் அறையில் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

#10 ரேஞ்ச்காவலர்

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. தலைகீழாகத் திருப்பி ஏற்றும்போது குழல் முனை எங்கே பார்க்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே ஏற்றினால் முனை மெல்ல மெல்லப் பக்கவாட்டுக்கு நகர்ந்து 180 கோட்டைத் தாண்டும். அதற்கு டிக்யூ, போட்டியிலிருந்தே நீக்கம். நின்று ஏற்றுங்கள். ஓடிக்கொண்டு ஏற்றுவது பிறகு.

#11 புதுக்குறி

நன்றி. ரைஃபிள் ஸ்கோப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

#12 டைமர்பீப்

ரெட் டாட்டை வச்சிக்க. முதல் சீசன் முழுக்க.

#13 கரிப்புகை

டைமர்பீப் சொல்வதில் பாதி சரி. கிளப் ஸ்டேஜில் ரைஃபிள் இலக்கு பெரும்பாலும் 5 முதல் 50 கெஜத்துக்குள். அங்கே ரெட் டாட்டை எந்த ஸ்கோப்பும் வெல்லாது. ஆனால் 200 கெஜத்தில் 8 அங்குலத் தட்டு வைக்கும் கிளப் என்றால், உருப்பெருக்கம் இல்லாமல் தட்டைக் கண்டுபிடிப்பதே பாடு. புல்லுக்கு நடுவே சாம்பல் நிறத் தட்டு தெரியாது. ஆக, உங்கள் கிளப்பில் தூர இலக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டென்றால் டாக்டிக்கல், 1–6.

1–6 வாங்கும்போது விலைப்பட்டியலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பகல் வெயிலில் எரியும் வெளிச்சப் புள்ளி இருக்கிறதா. இல்லையென்றால் 1-ல் வைக்கும்போது கறுப்பு ரெட்டிக்கிள் (குறிக்கோடு) நிழலில் காணாமல் போகும், அருகிலுள்ள இலக்கில் ரெட் டாட்காரர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். உருப்பெருக்க வளையத்தில் நீட்டிய லீவர் ஒன்று பொருத்துங்கள், கையுறையோடும் சுழலும்படி.

மாட்டும் முறை. ஸ்கோப்பின் கண் இடைவெளியை அதிக உருப்பெருக்கத்தில், படுத்த நிலையில் ஒருமுறை, நின்ற நிலையில் ஒருமுறை பார்த்து நடுவில் வையுங்கள். 1-ல் வைத்துப் பார்த்தால் எங்கே வைத்தாலும் நன்றாகத்தான் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். வளையத் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பெரும்பாலான வளையங்களுக்கு 15–18 அங்குல-பவுண்ட். திருகில் எண்ணெயோ பசையோ பூசினால் உராய்வு குறையும், அதே அளவு காட்டும்போது உண்மையில் அதிகம் முறுக்கியிருப்பீர்கள், குழாய் நசுங்கும். முறுக்கி முடித்ததும் பெயின்ட் பேனாவால் திருகிலிருந்து வளையத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு நகர்ந்தால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே தோட்டா தைக்கும் தூரம்): 55 கிரெய்ன் .223-க்கு 200 கெஜம் என்று வைத்தால் 100-ல் ஒன்றரை முதல் 2 அங்குலம் மேலே, 300-ல் ஏறக்குறைய 7–9 அங்குலம் கீழே, 400-ல் 2 அடி சுற்றில் கீழே. இது தோராயம். உங்கள் குழல், உங்கள் தோட்டாவில் சுட்டுப் பார்த்து எழுதி, துப்பாக்கிக் கட்டையில் ஒட்டுங்கள். ஆனால் புதியவரைக் கவிழ்ப்பது 300 இல்லை, 5 கெஜம். ஸ்கோப் மையம் குழல் மையத்துக்கு மேல் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட இருக்கும். 5 கெஜத்தில் தோட்டா நீங்கள் பார்க்கும் இடத்துக்கு இரண்டே கால் அங்குலம் கீழே போய்த் தைக்கும். இலக்கின் கீழ்ப்பாதியைச் சுடக் கூடாத வெள்ளைத் தடை அட்டை மறைத்து, தலை மட்டும் தெரியும்படி வைத்தால், நேராகக் குறிவைத்தவர் தடையைச் சுடுவார்.

மசில் பிரேக் கேட்டிருந்தீர்கள். பல விதித்தாள்களில் டாக்டிக்கல், லிமிடெட்டுக்கு 1 அங்குல விட்டம், 3 அங்குல நீளம் என்ற எல்லை உண்டு. இப்போது இருப்பதை விடுங்கள். ட்ரிக்கரையும் விடுங்கள்.

#14 ஈயக்குண்டு

ட்ரிக்கரை விடச் சொன்னதற்கு நன்றி. இங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் வாங்குவது அதைத்தான்.

புதிய குழல் வாங்குகிறவருக்கு: 18 அங்குலம், ரைஃபிள் நீள கேஸ் சிஸ்டம், .223 வைல்ட் சேம்பர், 1:8 ட்விஸ்ட் என்பதுதான் இந்த விளையாட்டில் பரவலான தேர்வு. வாயு தூரத்தில் எடுக்கப்படுவதால் உதைப்பு மிருது. ஆனால் 16-ஐ விற்றுவிட்டு 18 வாங்க வேண்டிய அவசியம் இல்லை, ஒரு துளியும்.

ரைஃபிளை நம்பலாமா என்று பார்க்க: ஒவ்வொரு மேகசினிலும் ஒரே ஒரு ரவுண்டு போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் பூட்ட வேண்டும். பூட்டாத மேகசினில் எண் எழுதி ஒதுக்குங்கள். எல்லா மேகசினிலும் பூட்டவில்லை என்றால் வாயு போதவில்லை, கேஸ் கீ தளர்ந்திருக்கலாம், அதன் இரண்டு திருகுகளும் ஸ்டேக் செய்யப்பட்டிருக்கின்றனவா (கழலாதபடி உலோகம் நசுக்கப்பட்டிருக்கிறதா) பாருங்கள். பின்கட்டைக் குழாயை இறுக்கும் காசில் நட்டையும் அதேபோல். ஏ.ஆர். எண்ணெயில் ஓடும், உலர்ந்தால் நிற்கும்.

30 ரவுண்டு மேகசின் மூன்று போதும். நீளமான 40 ஒன்று இருந்தால் மாற்றாமலே ஸ்டேஜை முடிக்கலாம். சில அமெரிக்க மாநிலங்களில் 10-க்கு மேல் சட்டப்படி இல்லை, அங்கே கிளப் ஸ்டேஜும் அதற்கேற்ப இருக்கும்.

#15 ரேஞ்ச்காவலர்

பெல்ட், ஹோல்ஸ்டர்.

இந்த விளையாட்டில் கைத்துப்பாக்கி பெரும்பாலும் ஹோல்ஸ்டரில் தொங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் ரைஃபிளோடு ஓடுவீர்கள், முழங்காலிடுவீர்கள், சுவர் மேல் ஏறுவீர்கள், படுப்பீர்கள். அது கீழே விழுந்தால் அன்றைய நாள் முடிந்தது, டிக்யூ. ஆகவே கைத்துப்பாக்கி மட்டும் சுடும் போட்டிகளில் பார்க்கும் திறந்த ரேஸ் ஹோல்ஸ்டர் வேண்டாம். கட்டைவிரலால் திறக்கும் பூட்டு உள்ளது (சஃபாரிலேண்ட் ஏ.எல்.எஸ். வகை) வாங்குங்கள். பூட்டைத் திறக்கும் நேரம் ஒரு வாரம் வெறும் துப்பாக்கியோடு உருவிப் பழகினால் மறைந்துவிடும். வாங்கியதும் சோதனை: காலித் துப்பாக்கியைப் போட்டு, குனிந்து, குதித்து, பெல்ட்டைக் கழற்றித் தலைகீழாகக் குலுக்குங்கள்.

பெல்ட் இரண்டு அடுக்கு. உள்பெல்ட் பேன்ட் வளையங்களில், வெளிப்பெல்ட் அதன்மேல் ஒட்டும். ஒன்றரை அங்குல அகலம், விறைப்பானது. தொளதொளப் பெல்ட்டில் 12 ஷெல் மாட்டினால் முன்பக்கம் வயிற்றிலிருந்து விலகித் தொங்கும், கேடி ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் இருக்கும். பெல்ட்டில் மிச்சம் பிடிக்கக் கைத்துப்பாக்கி மேகசின் பவுச் இரண்டு, ரைஃபிள் பவுச் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

துப்பாக்கியைக் கைவிடுவது. ஒரு துப்பாக்கி முடிந்ததும் அடுத்ததுக்குப் போகும் முன் முதலாவதை பீப்பாயிலோ மேஜையிலோ வைக்க வேண்டும். சேஃப்டி போட்டிருக்க வேண்டும், அல்லது முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். சேஃப்டி போடாமல் தோட்டாவோடு வைத்துவிட்டு நகர்ந்தால் அதுவும் டிக்யூ. வெளி சேஃப்டி இல்லாத ஸ்ட்ரைக்கர் கைத்துப்பாக்கியைப் பெட்டியில் எந்த நிலையில் வைக்கலாம் என்பது கிளப்புக்குக் கிளப் வேறு. ஸ்டேஜ் விளக்கத்தின்போது ஆர்.ஓ.வைக் (ரேஞ்ச் அதிகாரி) கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், கேட்காதவரைத்தான் அவர் கவனமாகப் பார்ப்பார்.

ரைஃபிளுக்கும் ஷாட்கனுக்கும் சேம்பர் ஃப்ளாக் (சேம்பர் காலி என்று காட்டச் செருகும் கொடி) இரண்டு வாங்குங்கள். பல இடங்களில் அது இல்லாமல் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே விடமாட்டார்கள். பாதுகாப்புக் கண்ணாடி பக்கங்களும் மூடியதாக. எஃகுத் தட்டிலிருந்து ஈயத்துணுக்கு வேடிக்கை பார்ப்பவர்மேலும் வரும். அதே காரணத்தால் எஃகுத் தட்டைக் கைத்துப்பாக்கியால் 7 மீட்டருக்கு அருகில் சுடவே கூடாது.

#16 எட்டுக்கூட்டல்ஒன்று

தோட்டா பற்றி.

ரைஃபிள்: காந்தம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தோட்டா முனையில் ஒட்டினால் வாங்காதீர்கள். பச்சை முனை எம்855-இல் எஃகு ஊசி இருக்கிறது. மலிவான வேறு சிலவற்றில் செம்புப் பூச்சுக்கு அடியில் எஃகு உறை. இரண்டுமே போட்டித் தளத்தில் தடை, தட்டைக் குழியாக்கும், தீப்பொறி பறக்கும், காய்ந்த புல் இருந்தால் தீ. சாதாரண ஈயக்கரு 55 கிரெய்ன் போதும்.

ஷாட்கன்: பேர்ட்ஷாட் (சிறு குண்டுகள் நிறைந்த ஷெல்) ஈயம் மட்டும். எஃகு, டங்ஸ்டன் ஷாட் பல இடங்களில் தடை. 7½ எண்ணே நல்லது. 8-இல் குண்டுகள் அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் லேசு, கனமான எஃகு பாப்பரைத் (பட்டால் சாயும் இலக்கு) தள்ளிவிடச் சோம்பும். ஸ்லக்குக்கு 1 அவுன்ஸ் ஃபாஸ்டர் வகை. உதைப்புக் குறைந்த ஸ்லக் வாங்கும் முன் உங்கள் துப்பாக்கியில் ஐந்து போட்டு ஓடுகிறதா பாருங்கள், சில இனர்ஷியா துப்பாக்கிகள் மறுக்கும். ஸ்லக்கை வேறு ஷெல்லோடு கலந்து வைக்காதீர்கள். பேர்ட்ஷாட் தட்டில் ஸ்லக் விட்டால் தட்டு போகும், உங்களையும் அனுப்பிவிடுவார்கள். பெல்ட்டில் ஸ்லக்குக்கென்று ஒரு தனி இடம், நிறம் வேறு.

அளவு: 5 ஸ்டேஜ் கிளப் போட்டிக்கு கைத்துப்பாக்கி 150, ரைஃபிள் 150, பேர்ட்ஷாட் 125, ஸ்லக் 15 எடுத்துப் போனால் மிச்சம் வரும். விளம்பரத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்ச எண் தவறாமல் சுட்டால்தான்.

மறுபடி நிரப்பிய .223 பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு தோட்டாவையும் கேஸ் கேஜில் (தோட்டாவின் அளவு பார்க்கும் அச்சு) போட்டுப் பாருங்கள். முழுதாக சைஸ் ஆகாத ஒன்று சேம்பரில் அடைத்தால், கட்டையைத் தரையில் தட்டித்தான் திறக்க வேண்டிவரும்.

#17 புதுக்குறி

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன்: லிமிடெட்டில் 2-கன் தொடக்கம். இப்போது வாங்குவது இரண்டடுக்குப் பெல்ட், பூட்டுள்ள ஹோல்ஸ்டர், கைத்துப்பாக்கிக்குக் கூடுதலாக மூன்று மேகசின், பவுச்சுகள், சேம்பர் ஃப்ளாக், கண்ணாடி. பிறகு கேஸ் செமி ஆட்டோ, போட்டிக்குத் தயாராக வருவது. கேடி மூன்று. ஸ்கோப் கடைசியில்.

ஒரே ஒரு சந்தேகம். சோக் எது?

#18 கரிப்புகை

வரிசை சரி. மேகசின் மூன்றில் ஒன்றைப் போட்டிக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள், எல்லாவற்றையும் சுட்டுப் பார்த்து எண் போடுங்கள்.

சோக்: இம்ப்ரூவ்டு சிலிண்டர் (0.010 அங்குலச் சுருக்கம்) 15 கெஜம் வரை. அதற்கப்பால் 25 வரை லைட் மாடிஃபைட் (0.015) அல்லது மாடிஃபைட் (0.020). ஒன்றே ஒன்றை மாட்டி மறந்துவிட வேண்டுமென்றால் லைட் மாடிஃபைட். ஃபுல் சோக்கில் ஸ்லக் விடாதீர்கள். பேட்டர்ன் (குண்டுகள் பரவும் விதம்) பார்ப்பதற்குப் பெரிய காகிதத்தில் 10, 15, 20 கெஜத்தில் ஒவ்வொன்று. தட்டளவு வட்டத்துக்குள் ஓட்டை விழுகிற தூரம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டால், ஸ்டேஜில் எவ்வளவு முன்னால் ஓட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அநாவசியமாக ஐந்து அடி முன்னால் ஓடிச் சுடுகிறவர்கள் நிறைய.

ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் முன், துப்பாக்கி காலி என்று பார்த்தபின், பாதுகாப்பு இடத்தில் வைத்துச் சோக்கை விரலால் திருகிப் பாருங்கள். சூட்டிலும் அதிர்விலும் தளரும். தளர்ந்த சோக்கின் விளிம்பில் ஷாட் மோதினால் சோக் உடையும், குழல் முனையும் பிளக்கும்.

#19 டைமர்பீப்

சோக் மரைமேல கொஞ்சம் கிரீஸ் தடவு. எண்ணெய் வேணாம், எரிஞ்சுபோகும். அப்புறம் சோக் சாவியைத் துப்பாக்கிப் பைலயே கட்டிப் போடு, ரேஞ்சுல எப்பவும் அதைத்தான் தேடுவாங்க.

#20 ரேஞ்ச்காவலர்

சாவியைத் துப்பாக்கிப் பையில் வைத்தால் எடுக்கும்போதெல்லாம் பையைத் திறக்க வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பு இடத்துக்கு வெளியே கையாளக் கூடாது, பாதுகாப்பு இடத்துக்குள் தோட்டாவோ டம்மி ஷெல்லோகூடக் கூடாது. சாவியைப் பெல்ட் பையில் வையுங்கள், தோட்டாவோடு இல்லாமல் தனியாக.